காட்டில் மட்டும் தெரிந்தவள்

என் அக்காளுக்கு மரியாதை பிடிக்காது. அதிலும் கட்டிய புருஷன் கொடுக்கிற மரியாதை அறவே பிடிக்காது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கோயமுத்தூர்க்காரர்கள் நாயை விரட்டினால்கூட ஒரு "ங்க" போட்டுத்தான் விரட்டுவார்கள் என்று வெளியூரில் எங்களைக் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி "ங்க" காதில் விழுந்ததற்காக அழுதாள் என்றால் யார் நம்புவார்கள்? நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள், அதனால் சொல்கிறேன்.

அக்காள் பெயர் வெங்கடம்மாள். அவள் வீட்டுக்காரர் நரசிம்மலு நாயுடு. எங்கள் வழக்கப்படி அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் காலமான பிறகு பீளமேட்டில் அவர்களோடு வந்து இருந்துவிட்டேன். அவர்களுடைய ஒரே மகன் கோபாலசாமி மோட்டார் பம்பு செய்கிற பட்டறை வைத்து நாலு காசு பார்த்து, அவிநாசி ரோட்டு ஓரமாகப் புதுவீடு கட்டியிருந்தான். மொசைக் தரை, ஜன்னலுக்கெல்லாம் கம்பி, வாசலில் ஆளுயரத்துக்கு இரும்புக் கேட். ரோட்டைத் தாண்டினால் அவர்களுடைய காடு. மரம் அடர்ந்த காடு என்று நினைத்துவிட வேண்டாம். மழையை நம்பி உழுது விதைக்கிற நிலத்துக்கு எங்கள் பக்கத்தில் காடு என்றுதான் பெயர்.

பாவாவின் ஆயுசு அந்தக் காட்டில்தான் கழிந்தது. "வயசாயிப்போச்சு, இனிமே உக்காந்து சாப்பிடுங்கப்பா" என்று மகன் சொன்னான். நல்ல மனசோடுதான் சொன்னான். நிலத்தைக் காளிச்சாமி என்கிற பண்ணையாள் பார்த்துக்கொண்டான். பாவா உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே அவருக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. முதலில் செருப்பை விட்ட இடம் மறந்தது. பிறகு மருமகளின் பெயர், அதற்குப் பிறகு சாப்பிட்டாயிற்றா இல்லையா என்பது.

நயா பைசா வந்த வருஷம், சித்திரை மாதம். ஒரு காலையில் அக்காள் காப்பி கொண்டுபோனாள். பாவா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நீங்க உக்காருங்க அம்மணி. உங்களுக்கு எந்தூருங்க?"

விளையாடுகிறார் என்று அக்காள் நினைத்தாள். "காங்கேயமுங்க" என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அப்படிங்களா? என்ற ஊட்டுக்காரியும் காங்கேயந்தானுங்க. உள்ளாற இருப்பா. வந்தா உங்களைப் பத்திச் சொல்றனுங்க."

காப்பியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அக்காள் அடுப்படிக்கு வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "என்னைய 'ங்க' போட்டுப் பேசறாருடி பங்காரு" என்றாள் என்னிடம். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "ஏம்புள்ள", "இந்தா புள்ள", கோபம் வந்தால் "ஏய்". அவ்வளவுதான். அந்தப் "புள்ள"யில்தான் அவளுடைய வாழ்க்கை முழுக்க இருந்தது. அது போனதும் அவள் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஆகிவிட்டாள்.

அதற்காக இருவரும் கொஞ்சிக் குலாவினார்கள் என்று சொல்ல வரவில்லை. அக்காளுக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. பெண் பார்க்க வந்த அன்று பாவா தலையையே தூக்கவில்லையாம். எல்லாம் முடிவு செய்தது அவருடைய அம்மா ரங்கம்மாள்தான். சண்டை வரும்போதெல்லாம் அக்காள் அதில்தான் வந்து நிற்பாள். "உங்கம்மா கையைக் காட்டுனாங்க, நீங்க தாலி கட்டுனீங்க. என்னையப் புடிச்சா கட்டுனீங்க?" என்பாள். பாவா பதில் சொன்னதே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். சொல்ல ஒன்றும் இல்லாததால்தான் போகிறார் என்று அவளாக முடிவு செய்துகொண்டாள். கிழவி ஆன பிறகும் அந்த முள் அவளுக்குள் கிடந்தது.

சித்திரைக்குப் பிறகு வீட்டுக்குள் பாவா யாருக்கும் தொந்தரவில்லாத ஒரு விருந்தாளி. பகலெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிடுவார். இரவில் தூக்கம் கிடையாது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் பகலில் தூங்கி வழிந்தார். "உங்க ஊட்டுல தேட மாட்டாங்களா அம்மணி? பொழுதோட போயிருங்க" என்று அக்காளிடம் அக்கறையாகச் சொல்வார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வருவாள்.

ஒருநாள் விடிந்ததும் பாவா வேட்டியை அவிழ்த்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, கோவணத்தோடு அவிநாசி ரோட்டில் இறங்கிவிட்டார். உழவுக்குப் போகிறவர் அப்படித்தானே போவார்? அந்த நேரம் பார்த்து ஒரு மில் முதலாளியின் கார் வந்தது. கோபாலசாமியிடம் பம்பு வாங்குகிற மனிதர். காரை நிறுத்தி, தன் மேல்துண்டைப் போர்த்தி, பாவாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அதுதான் கோபாலசாமியைக் குத்தியது. அன்றைக்கே கேட்டுக்குப் பூட்டு வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உன்ற அப்பன் என்ன சர்க்கஸ் கரடியாடா, கம்பிக்குள்ள வெச்சுப் பூட்டறதுக்கு?" என்றேன்.

"ரோட்டுல லாரி போவுதுங்க சின்னம்மா. அடிபட்டுட்டா என்ன பண்றதுங்க?" என்றான். அக்காள்தான் பதில் சொன்னாள்.

"அவுருக்குப் போகோணும்னு இருக்குது. நாம கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா என்ன?" என்றாள்.

ஆனி முடிந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கிய சமயம். ஒரு காலையில் ஆளுக்கொரு கையாகப் பிடித்து பாவாவை ரோட்டைத் தாண்ட வைத்தோம். கிளுவை வேலிக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றினார். நாங்கள் சொல்லவில்லை. காளிச்சாமி ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். மண்ணை இரவு பெய்த தூறல் நனைத்திருந்தது. வேலியில் கவுதாரி ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பாவா குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் உடைத்தார். முகர்ந்து பார்த்தார். காற்றில் அவர் வேட்டி படபடத்தது. நான் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே அவிழ்த்துவிடுவாரோ என்று.

அவர் திரும்பி அக்காளைப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்புள்ள, கஞ்சி கொண்டாரலியா? வெறுங்கைய ஆட்டிட்டு வந்து நிக்கற?"

அக்காள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மறந்துபோட்டனுங்க, நாளைக்குக் கொண்டாரனுங்க" என்று எப்படியோ சொன்னாள். "நல்லா மறந்த போ" என்றார் பாவா. அன்றைக்கு என் அக்காள் கல்யாணப் பெண்ணின் நடையில் வீட்டுக்கு வந்தாள். கேட்டுக்குள் நுழைந்ததும் பாவா அவளைப் பார்த்து, "நீங்க உள்ள போங்க அம்மணி, வெயிலு" என்றார். அவள் அதை அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் முதல் தூக்குப்போசியில் கம்மங்கஞ்சியும் உரித்த வெங்காயமுமாகக் கிளம்பினாள். வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்து பாவா கஞ்சியைச் சொட்டுவிடாமல் குடிப்பார். களை பிடுங்குவார். சோளம் முளைத்து வந்தபோது எது பயிர், எது புல் என்று அவர் கைக்குத் தெரிந்தது, கேட்டால் பெயர் சொல்லத் தெரியாது. சில நாள் வெறுமனே உட்கார்ந்து செம்போத்துப் பறவை நடப்பதைப் பார்ப்பார். முகத்தில் ரத்தம் ஏறியது. மாத்திரை இல்லாமல் தூங்கினார். எல்லா நாளும் அக்காளை அடையாளம் தெரியும் என்று இல்லை. ஆனால் தெரிந்த நாளெல்லாம் அங்கேதான் தெரிந்தது. "இன்னிக்குச் சொன்னாரு" என்பாள் அவள் என்னிடம். என்ன சொன்னார் என்று நான் கேட்க வேண்டியதில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னோம். "இதுக்கு என்கிட்ட மருந்து இல்லீங்கம்மா. காத்து, வெயில், மண்ணு, எது அவருக்கு நெனப்பை எடுத்துக் குடுக்குதோ தெரியாது. ஆனா விட்டுடாதீங்க" என்றார்.

விட்டோம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் நனைந்து பாவாவுக்குக் காய்ச்சல் வந்தது. கோபாலசாமி பயந்துபோனான். அவன் பட்டறைக்காரன். எதையும் செய்துவிடலாம் என்று நினைக்கிறவன். "அப்பாவுக்குச் செடியும் காத்தும்தானுங்களே வேணும்? அதை நான் இங்கயே பண்ணிக் குடுக்கறனுங்க" என்றான். காம்பவுண்டுக்குள் வரிசையாகத் தொட்டி வந்தது. தொட்டிகளில் குரோட்டன்ஸ், மஞ்சளும் சிவப்பும் புள்ளியுமாக. நடுவில் ஒரு சிமெண்டு பெஞ்சு, மேலே தகரக் கூரை. பூட்டு மறுபடி கேட்டில் ஏறியது.

பாவாவை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தோம். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார். நசுக்கினார். "இதை மாடு திங்குங்களா?" என்று என்னைக் கேட்டார். திங்காதுங்க என்றேன். "அப்புறம் எதுக்குங்க வெச்சிருக்காங்க?" என்றார். நான் மகனைப் பார்த்தேன். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அக்காள் மகனோடு மல்லுக்கு நிற்கவில்லை. நான் நின்றேன். சின்னம்மா பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும்? கார்த்திகை வரைக்கும் பாவா அந்தத் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. பேச்சு நின்றது. கடைசியில் அந்த "ங்க" கூட நின்றுவிட்டது. அக்காள் போய் நின்றால் அவர் பார்வை அவளைத் தாண்டி எங்கேயோ இருந்தது. "அந்நியமாவாச்சும் பேசிட்டு இருந்தாரு. அதுக்கும் நான் அழுதேனே" என்றாள் அக்காள்.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் பட்டறைச் சாமான் இறக்க வண்டி வந்தது. கேட்டைத் திறந்தவர்கள் சாத்தவில்லை. அக்காள் தண்ணீர் கொண்டுவந்து பார்த்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. வேட்டி மடித்து வைத்திருந்தது.

எங்கே போயிருப்பார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ரோட்டைத் தாண்டி ஓடினோம். ஆனால் காடு நாங்கள் விட்டபோது இருந்த காடாக இல்லை. சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கதிர் தள்ளி நின்றது. உள்ளே நுழைந்தால் இரண்டு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அத்தனைக்கும் நடுவில் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத, மழைக்கு நிரம்பிக் கிடக்கிற கிணறு.

"அப்பா! அப்பா!" என்று கோபாலசாமி வரப்பில் ஓடினான். "பெரியவரே! ஏனுங்க பெரியவரே!" என்று காளிச்சாமி கத்தினான். நான் பாவா பாவா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். சோளத்தட்டுக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது. கிணற்றுப் பக்கம்தான் கேட்டது. கூப்பிடக் கூப்பிட அந்தச் சத்தம் நின்று, மறுபடி நகர்ந்தது. அவர் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் அவருக்கு அப்பா என்றால் வேறு யாரோ, பெரியவர் என்றால் வேறு யாரோ.

"பேரைச் சொல்லிக் கூப்புடுங்க!" என்றான் காளிச்சாமி.

யார் சொல்வது? அந்தப் பெயரை வெறுமனே சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் உயிரோடு இல்லை. நான் துணிந்து, "நரசிம்மலு நாயுடுகாரு!" என்று கத்திப் பார்த்தேன். தபால்காரன் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. சத்தம் இன்னும் தள்ளிப்போயிற்று.

அக்காள் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது நம்பிக்கை. அக்காள் அதில் எங்கள் எல்லோரையும் விட ஒரு படி மேல். கோயிலில் நரசிம்மசாமியைக்கூடத் "தூணுல வந்த சாமி" என்றுதான் சொல்வாள். நான் எத்தனையோ தரம் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குக் கேலி செய்ய நேரமில்லை.

"கூப்புடுக்கா!"

"ஆயுசு போயிருமேடி."

"கெணத்துல உழுந்தா மட்டும் இருக்குமா? கூப்புடு!"

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பெயர் எப்படிச் சொல்லப்படும் என்பது தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் ஒவ்வொரு பொழுது சாயும்போதும் மாமியார் ரங்கம்மாள் இதே வரப்பில் நின்று மகனைக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறாள். எங்கள் வீடுகளில் தெலுங்கும் தமிழும் கலந்து ஓடும். பாவா எங்களோடெல்லாம் தமிழ்தான். அம்மாவிடம் மட்டும் தெலுங்கு. அக்காள் மாமியாரின் அதே இழுப்பில், அதே தெலுங்கில் கூப்பிட்டாள்.

"ஒரேய் நரசிம்மலூ...!"

சரசரப்பு நின்றது.

"ஒஸ்துன்னானம்மா!" என்று குரல் வந்தது. இதோ வருகிறேன் அம்மா.

சோளத்தட்டை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். தலையெல்லாம் சோளப்பூந்தூள். முழங்கால் வரை சேறு. கிணற்று மேட்டுச் சேறு அது, எங்களுக்குத் தெரியும். நேராக அக்காளிடம் வந்து அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். மாட்டைத் தேடிப் போனேன், திட்டாதே அம்மா என்றார் தெலுங்கில். மகன் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதான். அக்காள் அழவில்லை. முந்தானையால் அவர் தலையைத் தட்டிவிட்டாள்.

அன்றோடு கேட்டுப் பூட்டைக் கோபாலசாமி கழற்றி எறிந்தான். கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டான். பட்டறைக்குப் போகுமுன் தானே அப்பாவைக் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என் வாய் வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

பாவா தேறினார். கஞ்சி குடித்தார், தூங்கினார், கவுதாரி கத்தினால் திருப்பிக் கத்தினார். காட்டில் இருக்கும்போது அவர் சிரிக்கிற சிரிப்பை என் ஆயுசில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. ஆனால் "புள்ள" திரும்பி வரவில்லை. வீட்டில் இருந்தாலும் சரி, காட்டில் இருந்தாலும் சரி, அக்காள் அவருக்கு அம்மா. ஒரு தரம் அந்தப் பெயரைச் சொன்னதற்கு அவள் கொடுத்த விலை அது. அவர் உயிரோடு கிடைத்தார், புருஷனாகக் கிடைக்கவில்லை.

எனக்குப் பொறுக்காமல் ஒருநாள் கேட்டுவிட்டேன். "இத்தனை பாடுபட்டு தினம் கூட்டிட்டுப் போறயே, உனக்கு என்னக்கா மிஞ்சுச்சு?"

"அவுரு சிரிக்கறாரல்லோ" என்றாள். பிறகு, "ஒருக்கா 'புள்ள'ன்னு சொல்லியிருக்கலாம்டி, கடைசியா ஒருக்கா" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாசியில் பாவா போய்விட்டார். தூக்கத்திலேயே போனார். பெயரைச் சொன்னதால்தான் போனார் என்று அக்காள் சொன்னாள். சொல்லாவிட்டால் கார்த்திகையிலேயே போயிருப்பார் என்று நான் கத்தினேன். அந்தச் சண்டை எங்களுக்குள் அவள் இருந்தவரை தீரவில்லை. ஆனால் அதற்குமுன், தை மாதம் நடந்த ஒன்றைச் சொல்லாமல் நான் இதை முடிக்க முடியாது.

சோளம் அறுத்தாகிவிட்டது. காடு வெட்டவெளியாகக் கிடந்தது. வெள்வேல மரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். இளவெயில். சோளத்தட்டை அடுக்கி வைத்த போருக்கு மேலே மைனாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பாவா கஞ்சியைக் குடித்துவிட்டுப் போசியைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வருகிறார் என்று தெரிந்தது. அவர் பேசியது தெலுங்கு. நான் தமிழில் சொல்கிறேன்.

"அம்மா, காங்கேயத்துல பொண்ணு பார்த்துட்டு வந்தமே."

"ஆமா" என்றாள் அக்காள்.

"நீ வேற எடம் பாக்கலாம்னு மாமாகிட்டச் சொல்லிட்டு இருந்தியாமே. வேற எடம் வேண்டாம்மா. அந்தப் புள்ளையே இருக்கட்டும்."

அக்காள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீதான் தலையவே தூக்கலியே, அவளை எங்க பாத்த?" என்றாள் அக்காள்.

பாவாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. எழுபது வயது மனிதர் துண்டால் வாயை மறைத்துக்கொண்டார். "தண்ணிச் சொம்பு வெச்சாளே, அப்பப் பாத்தேன். சொம்புல அவ மூஞ்சி தெரிஞ்சுது. நீ பேசி முடிச்சிரும்மா. அவ ஒத்துக்குவாளா?"

அக்காள் அவர் கையிலிருந்த போசியை வாங்கிக் கீழே வைத்தாள். அவர் விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"ஒத்துக்குவா சாமி. அவளுக்கும் உன்னையப் புடிச்சுத்தான் இருக்குது."

"அப்பச் சரி" என்றார் பாவா. நிம்மதியாக மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வெயில் ஏறும் வரை நாங்கள் அவரை எழுப்பவில்லை.